சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அன்எம்ப்ளாய்டு

ஜெயலக்ஷ்மி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். டிராம், டிக்கெட், சோப்பு, பில்டர் என்று மயிலாப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்குகிற இங்கிலீஷ்தான் அவளுக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் நாற்பத்து நான்காம் வருஷம் கோடையில் ஒரு பெரிய வார்த்தையைப் பல்லில் இடறாமல் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். கற்றதைக் கற்றோம் என்று வைத்திருந்தால் தேவலை. அதை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம்தான் இந்தக் கதை.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பஞ்சாட்சர முதலியார் வீட்டில் குடியிருந்தாள். நீளமான அந்த வீட்டின் நடுவில் ஒரு சுவர் வைத்து, இரண்டு போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டிருந்தார் முதலியார். மனுஷர் கெட்டி. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு வரிசை செங்கல் வைத்ததும், விலை ஏறிவிட்டது என்று வேலையை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெறும் காற்றுதான். ஒரு போர்ஷனில் மிளகாய் தாளித்தால் இன்னொரு போர்ஷனில் தும்முவார்கள். அங்கே பேசுவது இங்கே கேட்கும். இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே கேட்கும்.

கிழக்குப் போர்ஷனில் ஜெயலக்ஷ்மியும் அவள் புருஷன் சங்கரனும். சங்கரன் பீச் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஒரே பெண், கல்யாணமாகி ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டாள். மேற்குப் போர்ஷனில் ஜெயலக்ஷ்மியின் தங்கை நீரஜாவும் அவள் புருஷன் கிச்சாவும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அந்தப் போர்ஷனில் இருந்தவர்களும் ஓடினார்கள்; திரும்பி வரவில்லை. 'என் தங்கை பக்கத்திலேயே இருக்கட்டுமே' என்று புருஷனை நச்சரித்து, முதலியாரிடம் பேசவைத்து, அந்தப் போர்ஷனை வாங்கிக் கொடுத்தவள் சாட்சாத் ஜெயலக்ஷ்மியேதான். பின்னால் அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

கிச்சா தூரத்து உறவு. அரை நிஜார் போட்ட நாளிலிருந்து அவனைத் தெரியும் என்பதால் ஜெயலக்ஷ்மி அவனை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவாள். அவன் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் டைப்பிஸ்டாக இருந்தான். யுத்தத்தில் கப்பல் வரத்துக் குறைந்து, ஏஜென்ஸிக்காரர்கள் கடையைக் கட்டினார்கள். ஒருநாள் பட்டப்பகலில், திறக்காத டிபன் டப்பாவோடு கிச்சா வீடு திரும்பினான்.

அன்று சாயங்காலம் சங்கரன் காப்பியைக் குடித்துவிட்டு, "பாவம் கிச்சா. அன்எம்ப்ளாய்டு ஆயிட்டான்" என்றார்.

"அப்படின்னா? சோம்பேறியா?" என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள்.

சங்கரனுக்கு வாயிலிருந்து வார்த்தை வருவதே அபூர்வம். ஆனால் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் மட்டும் மனுஷருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கம்பெனித் துரைக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிறவர் ஆயிற்றே.

"சேச்சே. சோம்பேறின்னா லேஸி. வேலை இருக்கும், செய்ய மாட்டான். ஐடில்னு இன்னொண்ணு இருக்கு. ஓடாம நிக்கறதுன்னு அர்த்தம். ஆபீஸ்ல டைப் மெஷின் சும்மாக் கிடந்தாக்கூட ஐடில்னு எழுதலாம். அன்எம்ப்ளாய்டு வேற. அவன் வேலை செய்யத் தயாராத்தான் இருக்கான், கூப்பிட ஆளில்லை. அவன் பேர்ல தப்பு ஒண்ணுமில்லை. அதனால அந்த வார்த்தையைத் திட்டறாப்பல சொல்லப்படாது."

ஜெயலக்ஷ்மி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பார்த்து, அவளுக்காக, இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அந்த உற்சாகத்தில், "அப்போ நான்? ஆத்துலயே இருக்கேனே, நான் எதுல சேர்த்தி?" என்று கேட்டுவிட்டாள்.

"உனக்கென்ன" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொள்வது அவருடைய நித்திய கர்மா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு டிராமை விட்டு இறங்கி வருவார். காலை அலம்பிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அந்த அரைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் ஈஸிசேரில் சாய்ந்துவிடுவார். ஜெயலக்ஷ்மி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு? மூச். சாப்பிடக் கூப்பிட்டால்தான் கண் திறக்கும். தூணோடு குடித்தனம் பண்ணுகிறாள் என்று அவளே தனக்குள் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். அந்த மனுஷர் சாயங்காலத்தில் ஒரு நாளாவது அவள் பக்கம் திரும்பி, நாலு வார்த்தை பேசி, சிரிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கிச்சாவுக்கு வேலை போனது அவளுக்கு உண்மையாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் வாரம் முழுக்க அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு நீரஜா அழுவாள், நாளைக்கு அழுவாள், ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்து ஒரு படி அரிசியும் கொடுத்து வரலாம் என்று முறத்தில் அரிசிகூட எடுத்து வைத்திருந்தாள். சுவருக்கு மேலாக அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

"இதைக் கேளுடி" என்று கிச்சா பேப்பரில் 'வேலைக்கு ஆள் தேவை' பகுதியை வாசிப்பான். "டைப்பிஸ்ட் வேணுமாம். கல்யாணம் ஆகாதவனா இருக்கணுமாம். என்ன பண்ணலாம் சொல்லு."

"அதுக்கென்ன, நான் எங்க அக்கா ஆத்துக்குப் போயிடறேன்."

"உங்க அக்கா மறுநாளே கொண்டுவந்து விட்டுடுவா. மனுவை வாபஸ் வாங்கிண்டேன், போ."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் ஜெயலக்ஷ்மி கீரைத் தண்டை நறுக் நறுக்கென்று ஒடிப்பாள். வேலை போன வீட்டில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? சிரிக்க வேண்டியவர்கள் யார், அழ வேண்டியவர்கள் யார் என்று ஒரு முறை இல்லையா?

சாப்பாட்டுக்கும் அவர்கள் யாரிடமும் கை ஏந்தவில்லை. நீரஜாவுக்கு நல்ல சாரீரம், முறையாகக் கற்றவள். அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, அதில் அடுப்பு எரிந்தது. காலையில் கிச்சா சட்டையை மாட்டிக்கொண்டு தம்புச் செட்டித் தெருவரைக்கும் போய் வேலை கேட்டு ஏறி இறங்குவான். மத்தியானத்துக்குமேல் அவன் வீட்டோடு வீடு. வெறுங்கையோடு வந்தவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான். அதுதான் ஜெயலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்குக் கைகொடுத்தது. கபாலி கோயில் பிராகாரத்தில் யாராவது நீரஜாவைப் பற்றி விசாரித்தால் போதும், உச்சுக் கொட்டுவாள். "என்னத்தைச் சொல்றது மாமி. அவ ஆத்துக்காரர் அன்எம்ப்ளாய்டு." திட்டுகிற மாதிரிச் சொல்லக்கூடாது என்று சங்கரன் சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் அழுகிற மாதிரிச் சொன்னாள். திட்டுவதைவிட அது நன்றாகவே வேலை செய்தது. கறிகாய்க்காரி சொர்ணத்திடமும் சொல்லிவைத்தாள்.

"அது இன்னாம்மா, காய்ச்சலா? நல்லாத்தானே கீறாரு. நேத்துகூட முருங்கைக்காயை ஒடைச்சு ஒடைச்சுப் பாத்து வாங்கிக்கினு போனாரு" என்றாள் சொர்ணம்.

ஆண்பிள்ளை முருங்கைக்காய் வாங்குகிறானாம். சங்கரனுக்கு முருங்கைக்காய் மரத்தில் காய்க்கிறதா, சாம்பாரில் காய்க்கிறதா என்பதே தெரியாது.

தெருவில் அந்த வார்த்தை பரவி, கிச்சாவின் காதுக்கே போய்விட்டது. அவன் கோபித்துக்கொண்டானா என்றால் அதுவும் இல்லை. கிணற்றடியில் அவளைப் பார்த்ததும், "அக்கா, அன்எம்ப்ளாய்டு வந்திருக்கேன், கயிறைக் குடுங்கோ. நான் இழுக்கறேன்" என்று வாளியை வாங்கிக்கொண்டான். அவளுக்குப் போட்ட சாதமே இறங்கவில்லை அன்றைக்கு.

பட்டணத்தில் அப்போது ரேஷன். அரிசிக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் கார்டைத் தூக்கிக்கொண்டு கச்சேரி ரோடு கடை வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். ஆண்பிள்ளைகள் ஆபீஸுக்குப் போய்விடுவதால் வரிசை முழுக்கப் பெண்டுகள்தான். அந்தப் பெண்டுகள் நடுவில், குடையும் பையுமாக, கிச்சா நிற்பான். வரிசையில் எல்லோருக்கும் அவன் செல்லம். யார் கார்டில் எவ்வளவு பாக்கி, எந்த மூட்டை அரிசியில் கல் அதிகம் என்று சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, உங்க கார்டையும் குடுங்கோ. நீங்க ஏன் வெய்யில்ல நிக்கணும்?" என்று அவன் கேட்டான்.

"எனக்குக் கால் இருக்கு" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவளுக்கு முன்னால் பள்ளிவாசல் தெரு ஹாஜிரா பீ நின்றிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் ரவிக்கை தைக்கிற அம்மாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உன் தங்கச்சி குடுத்துவெச்ச பொம்பளம்மா" என்றாள். "எங்க வூட்லயும் ஒண்ணு கீது. சோறுன்னு கூப்ட்டா வருது, சோறு முடிஞ்சா எங்க போவுதுன்னே தெரியாது. இந்தப் புள்ள பாரு, பொண்டாட்டி வெய்யில்ல நிக்கக்கூடாதுன்னு தான் நிக்குது."

"வேலை இல்லை, நிக்கறான். வேலை இருந்தா நிப்பானா?"

"அத்த சொல்லு. அல்லா எங்க வூட்டுக்காரருக்கும் பத்து நாளு வேலை இல்லாம பண்ணணும்னு வேண்டிக்கிறேன். ஆனா அது வூட்ல குந்திக்கினா நான் ஓடிப்போயிடுவேன்."

வரிசையே சிரித்தது. ஜெயலக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. வேலை இருந்தால் நிப்பானா என்று தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவள் வீடுவரைக்கும் மென்றுகொண்டே போனாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் அடுப்பங்கரையை மெழுகிவிட்டு வந்து முந்தானையை விரித்துத் தரையில் சாய்ந்தாள். பக்கத்துப் போர்ஷனில் ஆட்டுக்கல் ஓடுகிற சத்தம். இட்லிக்கு அரைக்கிறாள் போலிருக்கிறது என்று கண்ணை மூடினாள். மூடின கண் திறந்துகொண்டது. வருஷக்கணக்காக மாவு அரைக்கிறவளுக்குக் கல்லின் சத்தத்திலேயே கை தெரியாதா? நீரஜா அரைத்தால் கல் நாலு சுற்று ஓடும், நிற்கும், வளையல் சிணுங்கும், மறுபடி ஓடும். இது நிற்காமல் கனமாக ஓடிற்று. வளையலும் இல்லை.

அவள் எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றாள். நீரஜா பாடிக்கொண்டிருந்தாள். மெதுவாக, இழுத்து, அவளுக்கு ரொம்பப் பிடித்த ராகத்தில். பாட்டின் தாளத்துக்குக் கல் சுற்றியது. ஒரு இடத்தில் பாட்டு முந்திற்று.

"தாளம் தப்பறது பாட்டு வாத்தியாரம்மா" என்றான் கிச்சா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"உளுந்து பொங்கறது, நீங்க அதைப் பாருங்கோ. கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கோன்னோ? யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"போனாப் போறது. மானமும் அன்எம்ப்ளாய்டா கொஞ்ச நாள் இருக்கட்டும்."

நீரஜா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது ஜெயலக்ஷ்மியின் அடிவயிற்றில் கொள்ளிக்கட்டையைச் சொருகிற்று. மாவரைக்கிற புருஷன் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. மயிலாப்பூரில் எந்த ஆண்பிள்ளை ஆட்டுக்கல் பக்கம் போவான்? வெளியில் தெரிந்தால் ஊர் சிரிக்கும். ஆனால் இவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, ஊருக்குத் தெரியாத ஒரு சந்தோஷத்தை இரண்டு பேரும் சேர்ந்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் புருஷன் இருந்தார், பெரிய உத்தியோகம் இருந்தது, இரும்புப் பெட்டி இருந்தது. அந்த மாதிரி ஒரு மத்தியானம் இல்லை. இனிமேலும் வரப்போவதில்லை. பத்து வயது சின்னவள், கையைப் பிடித்து நடக்கச் சொல்லிக் கொடுத்த பெண், அவளைப் பார்த்து இப்படி வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்ததால் எரிச்சல் குறையவில்லை, கூடிற்று.

அன்று சாயங்காலம் சங்கரன் காப்பியைக் குடித்துவிட்டு, கண்ணை மூடுவதற்கு முன்னால் தானாகவே பேசினார்.

"கிச்சாவுக்கு ரெண்டு இடத்துல சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டும் பழுத்திருக்கு. ஒண்ணு தி.நகர், பனகல் பார்க் கிட்ட ஒரு மருந்து டிப்போ. பத்து மணிக்குப் போனா அஞ்சு மணிக்கு வந்துடலாம். சம்பளம் சுமார். இன்னொண்ணு ஆவடி, மிலிட்டரி ஸ்டோர்ஸ். சம்பளம் கூட. ஆனா விடிகாலைல கிளம்பி சென்ட்ரல்ல ரயிலைப் பிடிக்கணும். திரும்ப ஒன்பது, பத்து ஆயிடும். ஞாயித்துக்கிழமைகூடச் சில வாரம் கூப்பிடுவான். எதைச் சொல்லட்டும்? உன் தங்கை ஆச்சே, நீயே சொல்லு."

அவள் கையில் அகத்திக்கீரை. ஒரு காம்பை உருவிக்கொண்டே இருந்தாள். இலை எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. தி.நகர் என்றால் அஞ்சரைக்குச் சிரிப்பு ஆரம்பித்துவிடும். முருங்கைக்காய் வாங்குவான். பனகல் பார்க்கிலிருந்து பூ வாங்கி வருவான்.

"ஆவடிதான்" என்றாள்.

"ரொம்ப அலைச்சல், ஜெயம்."

"சின்ன வயசுதானே. நாளைக்கு ஒரு குழந்தை குட்டின்னு ஆச்சுன்னா காசு வேண்டாமா? கூடச் சம்பளத்தை யாராவது வேண்டாம்பாளா? நீங்க தி.நகர் பேச்சையே அவாகிட்ட எடுக்க வேண்டாம். அது பாட்டுக்கு மனசைக் குழப்பும்."

ஜெயம் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் விசேஷம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சங்கரன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிச்சாவுக்கு ஆவடியில் வேலை ஆயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை நீரஜா தேங்காய், வெற்றிலைபாக்கு, பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்து அக்காவை நமஸ்காரம் பண்ணினாள். கண்ணில் ஜலம்.

"அத்திம்பேர் சொன்னார், நீதான் விடாம சொல்லி வாங்கிக் குடுத்தியாம். அம்மா இருந்தாக்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டா அக்கா."

"அசடே, எழுந்திரு. உனக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப்போறேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி. சொல்லும்போது அவளுக்கே அது உண்மை மாதிரி இருந்தது. கோயில் பிராகாரத்தில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அவள் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

அதோடு நிறுத்தினாளா? "உத்தியோகத்துல இருக்கறவன் ஆம்படையா, காசுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கறாள்னா நன்னாவா இருக்கு? போதும், விட்டுடு" என்று தங்கைக்குப் புத்தியும் சொன்னாள். நீரஜா யோசித்தாள். அக்கா நல்லதுக்குத்தான் சொல்வாள் என்று அதையும் விட்டாள்.

மேற்குப் போர்ஷன் அடங்கிற்று. நட்சத்திரம் மறையுமுன் கிச்சா கிளம்பிவிடுவான். ராத்திரி எப்போது வருகிறான் என்று தெருவுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் குறட்டைதான் சுவரைத் தாண்டி வந்தது. ரேஷன் வரிசையில் நீரஜாவே நின்றாள். "இன்னாம்மா, நம்ம தொர எங்க? வேல கெட்ச்சிடுச்சா?" என்று ஹாஜிரா பீ கேட்டாள். "அடப்பாவமே" என்று அவள் சொன்னது வாய்தவறியா, வேண்டுமென்றேயா என்று ஜெயலக்ஷ்மிக்குப் புரியவில்லை.

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். முதல் பதினைந்து நாள் உலகமே ஒழுங்காக இருப்பதுபோல இருந்தது. இப்போது இரண்டு போர்ஷனும் ஒரே மாதிரி. யாருக்கும் யாரும் மேலே இல்லை.

பிறகு சங்கரன் தாமதமாக வர ஆரம்பித்தார்.

விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியும் வரமாட்டார். காப்பி ஆறும், சுடவைப்பாள், மறுபடி ஆறும். வந்தால் நேரே சாப்பாடு, படுக்கை. ஈஸிசேரில் தூசி படிந்தது. ஆபீஸில் வேலை அதிகமோ என்று முதலில் நினைத்தாள். அப்புறம் என்னென்னவோ நினைத்தாள். இந்த வயதில் இதுவும் ஒரு தலைவிதியா என்று பூஜை அறையில் உட்கார்ந்து அழுதும் பார்த்தாள். தூணாக இருந்தாலும் பக்கத்தில் இருந்த தூண்தானே. அது இல்லாத சாயங்காலம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் பாதி நாள். அவர் வருவார் என்று அடைக்கு அரைத்து, வெல்லமும் வெண்ணெயும் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். வேஷ்டி ஓரமெல்லாம் மணல்.

"எங்கே போயிருந்தேள்?"

"பீச்சுலதான் உக்காந்திருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஆத்துக்கு வரப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். "நான் என்ன பண்ணிட்டேன் உங்களுக்கு?"

சங்கரன் அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார். தூசியைத் தட்டிவிட்டு ஈஸிசேரில் உட்கார்ந்தார். பேச்சு வராத மனுஷர். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான் சொன்னார்.

"அப்படியெல்லாம் இல்லை ஜெயம். முன்னாடி நான் ஏன் நேரத்தோட வருவேன் தெரியுமோ? கிச்சாவும் நீரஜாவும் பேசிண்டிருப்பா. பாடுவா. கேக்க நன்னா இருக்கும். எனக்குத்தான் அந்த மாதிரி பேச வராதே. உனக்கு ஒரு நாள்கூட சிரிப்பு வரவழைச்சதில்லை, எனக்குத் தெரியும். அவா பேசறதையாவது நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கேக்கலாமேன்னு ஓடி வருவேன். நீயும் கீரையை வெச்சுண்டு பேசாம கேட்டுண்டிருப்பே. அது ஒண்ணுதான் நமக்குன்னு இருந்தது. இப்போ வந்து உக்காந்தா... சத்தமே இல்லை. எனக்கு ஏதோ பயமா இருக்கு, உள்ளே வர."

ஜெயலக்ஷ்மி அடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூடிய கண்ணுக்குள் இவ்வளவு நாளும் அவர் அவளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள்தான் இல்லை. அவள் சுவரை வெறித்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தாள்.

"அந்த தி.நகர் வேலை" என்றாள். "இன்னும் காலியா இருக்குமா?"

"அதுக்கு அப்பவே ஆள் போட்டுட்டா." அவர் குறை சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

பக்கத்துப் போர்ஷனில் ஆட்டுக்கல் ஓட ஆரம்பித்தது. நாலு சுற்று ஓடிற்று, நின்றது, வளையல் சிணுங்கிற்று. மறுபடி ஓடிற்று.

"நீரஜாதானே?" என்றார் சங்கரன்.

"ம்."

"பாவம், கை வலிக்கும். நீ கொஞ்சம் ஆட்டிக் குடுத்துட்டு வரப்படாதோ?"

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மேற்குப் போர்ஷன் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. போட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது இப்போது? நீரஜா சின்ன விளக்கை வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். ஜெயலக்ஷ்மி அவளை நகர்த்திவிட்டுக் குழவியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"பாடேன்" என்றாள்.

"வரலை அக்கா. தொண்டை கட்டிண்டாப்பல இருக்கு." நீரஜா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீ பண்ணினதுக்கே கைமாறு இல்லை. இன்னும் எனக்கு எவ்வளவுதான் பண்ணுவே?"

கல் சுற்றிக்கொண்டே இருந்தது. அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. அங்கே ஈஸிசேர் ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் எவ்வளவு காது கொடுத்துக் கேட்டும் அங்கேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.